‘எக்ஸாட்டிக்’ என்ற சொல்: யாருக்கு வெளியே?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு பண்ணை விடுதியின் தகவல் பலகைகளையும் சிறு கையேட்டையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வேண்டியிருக்கிறது. ‘எக்ஸாட்டிக்’ என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. எக்ஸாட்டிக் மரங்கள் அகற்றப்பட்ட பகுதி, எக்ஸாட்டிக் காய்கறிகளும் பழங்களும், எக்ஸாட்டிக் குறிஞ்சி, எக்ஸாட்டிக் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை, எக்ஸாட்டிக் பழங்குடி நடனம். அகராதியைப் பார்த்தால் ‘அயல்நாட்டு’, ‘விசித்திரமான’, ‘கவர்ச்சியான’ என்று மூன்று பொருள் தருகிறது. ஐந்துக்கும் பொதுவாக ஒரே சொல்லைப் போடலாமா?

பதில்:

போட முடியாது. அந்த ஐந்து இடங்களில் சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஐந்தாக இருக்கிறது. ஒரு இடத்தில் அது அறிவியல் சொல், ஒரு இடத்தில் வியாபாரச் சொல், ஒரு இடத்தில் சட்டத்தோடு தொடர்புடைய சொல், ஒரு இடத்தில் வெறும் பிழை. கடைசி இடத்தில் அவமதிப்பாகவே ஆகிவிடுகிறது. ‘விசித்திரமான’ என்று ஐந்திலும் போட்டால் மரப் பலகை பொருளற்றுப் போகும், நடனப் பலகை மனத்தைப் புண்படுத்தும். ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் சொல்லின் உடம்பைப் பிரித்துப் பார்த்துவிடலாம். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கிரேக்கத்தில் ‘எக்ஸோ’ என்றால் வெளியே. அதிலிருந்து ‘எக்ஸோட்டிகோஸ்’, வெளியிலிருந்து வந்தது. லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு ‘பிற நாட்டைச் சேர்ந்த’ என்ற பொருள் மட்டும்தான். ‘வழக்கத்தில் இல்லாத, புதுமையான’ என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் வினோதத்தைக் குறிக்கும் வேறு சில சொற்களும் இதே வாசல் வழியாக வந்தவைதான். ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்பதன் மூலம் வெளியாளைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘அவுட்லாண்டிஷ்’ என்பதிலோ வெளிநாடு என்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே கிடக்கிறது.

பிறகு இவை பிரிந்து போயின. ‘ஸ்ட்ரேஞ்ச்’ தன் வெளிநாட்டுத்தன்மையை உதறிவிட்டது. இன்று அதில் இருப்பது புரியாமை மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் நடந்துகொள்வதும் ஸ்ட்ரேஞ்சாக இருக்கலாம். விதியைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்த ‘வியர்ட்’ என்பதில் இன்று லேசான சங்கடம் கலந்திருக்கிறது. ‘எக்ஸாட்டிக்’ மட்டும் வெளியே என்ற பழைய வேரை விடாமல், மேலே ஈர்ப்பையும் சேர்த்துக்கொண்டது. தொலைவு, புதுமை, ஈர்ப்பு என்று மூன்று சரக்கு அதில் இருக்கிறது. தாவரவியலாளர் அதில் தொலைவை மட்டும் எடுத்துக்கொள்கிறார். காய்கறி வியாபாரிக்குப் புதுமையும் ஈர்ப்பும் போதும். சுற்றுலா விளம்பரம் மூன்றையும் வாரிக்கொள்கிறது. எங்கே எது எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் மொழிபெயர்ப்பவரின் முதல் வேலை.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் முதல் அசை ‘எக்’ என்று அழுத்தி வராது. ‘இக்-ஸாட்-டிக்’, அழுத்தம் நடு அசையில். ‘ஸா’ என்ற எழுத்தில் தேனீ ரீங்காரம் போன்ற அதிர்வு உண்டு. தமிழில் எழுதும்போது ‘எக்ஸாட்டிக்’ என்பது நிலைத்துவிட்டது, அப்படியே எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பாலுணர்வைக் குறிக்கும் ‘எராட்டிக்’ என்ற சொல் ஒலியில் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. பலகை எழுதுபவரிடம் காதால் கேட்டு எழுதச் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள்.

தமிழில் இதற்கு நிகரான சொல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருந்தது, நன்றாகவே இருந்தது: சீமை. எல்லை என்ற பொருளில் தொடங்கி, பிறகு ஒரு நிலப்பகுதியைக் குறித்து, கடைசியில் கடலுக்கு அப்பாலிருந்து வந்த எதற்கும் முன்னொட்டாக நின்ற சொல் அது. சீமைக் கருவேலம், சீமை அகத்தி, சீமைச் சுண்ணாம்பு, சீமை ஓடு, சீமைப் பசு, சீமெண்ணெய். எல்லையைச் சொல்லும் சொல் எல்லைக்கு வெளியே இருப்பதைச் சொல்லத் தொடங்கியது. கிரேக்க ‘எக்ஸோ’ நடந்த அதே பாதைதான். இதற்கு எதிர்ச்சொல்லும் நம்மிடம் கச்சிதமாக இருக்கிறது: நாட்டு. நாட்டுக் கோழி, நாட்டுத் தக்காளி, நாட்டு மாடு. ஐரோப்பியரைக் குறித்த ‘பறங்கி’ பறங்கிக்காயில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ‘சீமை’ இன்று புதிதாகக் குட்டி போடுவதில்லை. புரோக்கோலியைச் ‘சீமை முட்டைக்கோஸ்’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். பழைய கூட்டுச் சொற்களில் அது உயிரோடு இருக்கட்டும். புதிய இடங்களில் வேறு சொல் தேடத்தான் வேண்டும்.

இனி மரங்கள். நீலகிரியில் ‘எக்ஸாட்டிக்’ என்ற சொல் மிகக் கனமாகப் புழங்குவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்த காலத்தில் மேல் நீலகிரி என்பது பெரும்பாலும் புல்வெளி. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை என்ற அடர்ந்த மலைக்காடு. அதற்குப் பிறகு வந்தவை வரிசையாக நிற்கின்றன. ஆஸ்திரேலியாவின் நீலக் கற்பூர மரம் 1843-இல் வெலிங்டன் பக்கம் நடப்பட்டது. ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய மெக்ஐவர், 1860 முதல் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தென்னமெரிக்க சிங்கோனாவை வளர்த்தார். மலேரியாவுக்கான கொய்னா அதன் பட்டையில் இருந்தது. தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் அதே கண்டம். ஐரோப்பாவின் மஞ்சள் பூப் புதர்கள் புல்வெளிகளில் ஏறின. கீழே முதுமலைப் பக்கம் அமெரிக்க உண்ணிச்செடி பரவியது. கொடைக்கானலில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் கையால் நட்ட தோப்புதான்.

இவை அத்தனையும் வனத்துறை ஆங்கிலத்தில் ‘எக்ஸாட்டிக்’. அந்தச் சொல்லில் அழகும் இல்லை, அசிங்கமும் இல்லை, வினோதமும் இல்லை. ‘இந்த இடத்தில் தானாகத் தோன்றவில்லை, மனிதர் கொண்டுவந்தது’ என்பது மட்டும்தான் செய்தி. எனவே தமிழில் ‘அயல் மரம்’ அல்லது ‘அயல் இன மரம்’ போதும். ‘அந்நிய மரம்’ என்றும் எழுதுகிறார்கள். என் கருத்தில் அது தவிர்க்க வேண்டியது. ‘அந்நியன்’ என்ற சொல் விடுதலைப் போராட்டக் காலத்துக் கோபத்தைச் சுமந்து வருகிறது. மரத்தின் மேல் அதை ஏற்றினால் படிப்பவர் கோடாலியைத் தேடுவார். ‘அயல்’ அப்படியல்ல. பக்கத்து வீட்டுக்காரரையும் அயலார் என்கிறோம்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. ‘எக்ஸாட்டிக்’ என்பதை ‘இன்வேஸிவ்’ என்பதோடு குழப்பிக்கொள்வது. முன்னது பிறப்பிடத்தைச் சொல்கிறது, பின்னது நடத்தையைச் சொல்கிறது. கேரட் அயல் பயிர். பாத்தியை விட்டு நகராது. சில்வர் ஓக் அயல் மரம். பெரும்பாலும் தோட்டத்தில் நட்ட இடத்திலேயே நிற்கிறது. சீகை அப்படியில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீ பட்டாலோ வெயில் விழுந்தாலோ ஆயிரக்கணக்கில் முளைக்கும். மரத்தை வெட்டி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டால், திறந்த இடத்தில் வெயில் விழுந்து நாற்றங்கால் போட்டது போல் மறுபடி எழும். அகற்றிய இடத்தில் தொடர்ந்து பல ஆண்டுகள் கன்றுகளைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நிலைநிறுத்தினால்தான் புல்வெளி திரும்பும். இப்படிப் பரவி ஆக்கிரமிப்பவற்றுக்கு ‘பரவும் அயல் தாவரம்’ அல்லது ‘ஆக்கிரமிப்பு அயல் தாவரம்’ என்று இரண்டு தகவலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் கொண்டுவந்த திருத்தமும் இப்படித்தான் வரையறுக்கிறது: இந்தியாவுக்கு உரியதல்லாத இனம், அதன் வருகையோ பரவலோ காட்டுயிருக்கும் வாழிடத்துக்கும் கேடு தரக்கூடும் என்றால்தான் அது அந்த வகை. வெளியிலிருந்து வந்திருப்பது மட்டும் போதாது.

அதே வரையறையில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. எல்லை எங்கே என்பதுதான் அது. சட்டத்துக்கு எல்லை இந்தியா. சூழலியலாளருக்கு எல்லை இந்த மலை. தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்ஸாம் காடுகளில் தானாக வளரும் வகை இருப்பதால் நாட்டுக்கு அது அயல் அல்ல. நீலகிரிச் சரிவுக்கு அது முழுக்க அயல் பயிர். ஆகவே ‘அயல்நாட்டு’ என்று எழுதும்போது ‘நாட்டு’ என்ற பகுதியைக் கவனித்துப் போடுங்கள். எல்லை மலையாக இருந்தால் ‘அயல்’ மட்டும் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலகையில் ‘நச்சு மரங்கள் அகற்றப்பட்டன’ என்று எழுதும் ஆசை பலருக்கு வருகிறது. பழனி மலையில் சீகைத் தோப்பு, பைன் தோப்பு நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து எழுவதைத் தாவரங்களை ஆராய்பவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெயிலிலிருந்தும் தீயிலிருந்தும் கன்றுக்கு அந்தத் தோப்பு குடைபிடிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மொத்தமாக வெட்டினால் சோலைக் கன்றும் சேர்ந்தே போகும். திறந்த புல்வெளிக்குள் நுழைந்த சீகை வேறு கதை. ஒரே மரம், இரண்டு இடம், இரண்டு தீர்ப்பு. அதனால் பெயரடையிலேயே தீர்ப்பை வைத்துவிடாமல், ‘எக்ஸாட்டிக்’ தரும் நடுநிலையைத் தமிழிலும் காப்பாற்றுங்கள். உங்கள் பலகைக்கு நான் எழுதுவது இது: ‘இந்தச் சரிவில் பரவியிருந்த சீகை முதலிய அயல் தாவரங்கள் அகற்றப்பட்டு, புல்வெளி மீட்கப்படுகிறது.’ மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கற்பூர மரத்தைப் பற்றி ஒரு சிறு விலகல். சமவெளியில் அது தைல மரம், மலையில் கற்பூர மரம். வாசனை ஒத்திருப்பதால் வந்த பெயர், உண்மையான கற்பூரம் தருவது வேறு மரம். அதன் இலையில் வடிக்கும் எண்ணெய்க்கு நாம் வைத்த பெயர் நீலகிரித் தைலம். கன்னடத்திலும் இந்தியிலும் ‘நீலகிரி’ என்றால் அந்த மரமேதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இந்த மலையின் பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘எக்ஸாட்டிக்’ என்பது பொருளோடு பிறந்த குணம் அல்ல, பார்ப்பவர் நிற்கும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆடும் அதையே சொல்கிறது. நீலகிரி ஆடு என்று இன்று நாட்டு இனப் பட்டியலில் இருக்கும் கம்பளி ஆட்டில், 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த தாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு ஆட்டினங்களின் இரத்தமும் கோயம்புத்தூர் ஆட்டின் இரத்தமும் கலந்திருக்கின்றன. கால்நடைத் துறையில் ‘எக்ஸாட்டிக் பிரீட்’ என்று வந்தால் ‘அயல்நாட்டு இனம்’ என்று எழுதுங்கள்: ஜெர்ஸி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் போன்ற கலப்பில்லாதவை. நாட்டு மாட்டோடு சேர்த்தது ‘கலப்பினம்’. பால் கறக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டுக்கும் தீவனத்திலும் நோய் தாங்குவதிலும் வேறுபாடு உண்டு, எனவே இங்கே சொல் தளர்ந்தால் பணம் போகும்.

காய்கறிக்கு வருவோம். ஊட்டி மார்க்கெட்டிலும் மேட்டுப்பாளையம் மண்டியிலும் உருளை, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் ‘மலைக் காய்கறி’ அல்லது ‘இங்கிலீஷ் காய்கறி’. இரண்டு பெயரும் ஒரே கூடைக்கு. தென்னமெரிக்க மலையில் பிறந்த உருளை நம் மலையின் பெயரால் விற்கிறது. பிறகு வந்த புரோக்கோலி, சுக்கினி, செலரி, லீக்ஸ், ஐஸ்பெர்க் லெட்டூஸ் இவற்றை விவசாயிகள் ‘சைனீஸ் காய்கறி’ என்கிறார்கள். சீனாவில் பிறந்தவை என்று அதற்குப் பொருள் இல்லை. சைனீஸ் சமையலுக்கும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் போகிற சரக்கு என்று பொருள். நகரத்து சூப்பர் மார்க்கெட் இதே பெட்டிக்கு ‘எக்ஸாட்டிக் வெஜிடபிள்ஸ்’ என்று சீட்டு ஒட்டுகிறது.

இங்கே சொல்லின் பொருள் பிறப்பிடம் அல்ல. பிறப்பிடம்தான் என்றால் தக்காளியும் மிளகாயும் அந்த அலமாரியில்தான் இருக்க வேண்டும், இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ‘இன்னும் வழக்கத்துக்கு வராத, அதனால் விலை கூடிய’ என்பதே வியாபாரப் பொருள். வழக்கத்துக்கு வந்த நாளில் பெயர் கழன்றுவிடும். சௌசௌ மெக்ஸிகோப் பக்கத்துக் கொடி. இன்று மேரக்காய் என்று கூட்டில் விழுகிறது, அதை யாரும் எக்ஸாட்டிக் என்பதில்லை. கீழ்ப் பழனியில் காபித் தோட்டத்துக்குள் வளரும் வெண்ணெய்ப் பழம் அங்கே பட்டர் ஃப்ரூட், சென்னையில் ‘எக்ஸாட்டிக் அவகாடோ’. கொடைக்கானலில் தாட்பூட் பழம் என்று குவித்து விற்பது, சீசாவில் அடைத்தால் பேஷன் ஃப்ரூட். கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் தலைமுறைகளாகக் காய்க்கின்றன. அடிவாரத்துக்காரருக்கு அது பருவத்துப் பழம். மலை ரயிலில் மேலே ஏறிக்கொண்டிருப்பவருக்கு வாழ்நாளில் முதல் முறை பார்க்கும் பழம்.

ஆகவே உணவுப் பட்டியலில் மூன்று வழி இருக்கிறது. பண்ணையில் விளைந்ததை விற்கும் பலகை என்றால் அடைமொழியே வேண்டாம். ‘புரோக்கோலி, செலரி, லீக்ஸ்’ என்று பெயரை மட்டும் எழுதுங்கள், வாங்குபவருக்கு வேண்டியது அதுதான். விவசாயிகளோடு பேசும் இடம் என்றால் ‘சைனீஸ் காய்கறி’ என்ற அவர்களின் சொல்லையே பயன்படுத்துங்கள். கையேட்டில் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் ‘புதுவகைக் காய்கறிகள், பழங்கள்’. ‘அயல்நாட்டுக் காய்கறி’ என்று மட்டும் எழுதாதீர்கள். இறக்குமதி செய்தது என்று வாடிக்கையாளர் நினைப்பார். உங்கள் தோட்டத்தில் காலையில் பறித்த பொருளுக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. ‘கவர்ச்சியான காய்கறி’ அகராதியிலிருந்து அப்படியே இறக்கிய சொல், பேச்சில் யாரும் சொல்லமாட்டார்கள்.

குறிஞ்சிப் பலகை எளிது, ஏனென்றால் ஆங்கிலமே தவறு. நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலை முதலிய தென்னிந்திய மலைகளின் புல்வெளிக்கே உரியது. வேறெங்கும் இயல்பாக வளராது. தாவரவியல் கணக்கில் அது ‘எக்ஸாட்டிக்’ என்பதற்கு நேர் எதிர்முனை. ‘நேட்டிவ்’ என்பது இந்த மண்ணுக்கு உரியது, ‘எண்டமிக்’ என்பது இந்த மண்ணுக்கு மட்டுமே உரியது. குறிஞ்சி இரண்டாவது வகை. எழுதியவர் மனத்தில் இருந்தது ‘அரிய, அழகிய’ என்பதாக இருக்கலாம். ஆனால் அரிதும் அயலும் ஒன்றல்ல. சீகை அயல், அரிதல்ல. வரையாடு அரிது, அயலல்ல. 12 ஆண்டுக்கு ஒரு முறை மலைச்சரிவு முழுவதும் சேர்ந்து பூக்கும் செடிக்கு அடைமொழி தேடி அலைய வேண்டியதில்லை. ‘12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி. 2006, 2018-ஐ அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம்’ என்று தகவலை எழுதுங்கள். படித்தவர் நாள்காட்டியில் குறித்துக்கொள்வார்.

செல்லப்பிராணிப் பலகையில் கொஞ்சம் சட்டமும் கலக்கிறது. பால் பைதான் என்ற பாம்பு, இகுவானா, மக்காவ் கிளி போன்ற வெளிநாட்டு உயிரினங்களைத்தான் ‘எக்ஸாட்டிக் பெட்’ என்கிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (சைட்டீஸ்) பட்டியலில் இருக்கும் உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்யவேண்டும் என்று 2022 திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும் சொல்கின்றன. குழப்பம் எங்கே என்றால், நட்சத்திர ஆமையையும் பச்சைக்கிளியையும்கூட மக்கள் இதே சொல்லுக்குள் சேர்த்துவிடுகிறார்கள். அவை இந்திய உயிர்கள், பாதுகாக்கப்பட்டவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம், பதிவு செய்து சரிக்கட்டும் விஷயமல்ல. ‘விசித்திரமான பிராணிகளுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதினால் எது விசித்திரம் என்று வாசலில் வாக்குவாதம் வரும். விடுதிக்கு வேண்டியது என்ன? நாய், பூனை வரலாம், மற்றவை வரக்கூடாது என்பதுதானே? ‘நாய், பூனை தவிர வேறு வளர்ப்பு உயிர்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதுங்கள். தீர்ந்தது.

கடைசிப் பலகைதான் கவலைக்குரியது. மனிதர்கள் மேல் இந்தச் சொல் விழும்போது அதன் வேர் வேலை செய்கிறது: ‘நீங்கள் வெளியில் இருப்பவர்.’ நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள் தொன்மைப் பழங்குடிகளாகப் பட்டியலில் உள்ளனர். மற்ற எல்லாருக்கும் முன்பே இங்கிருந்தவர்களை, நேற்று வண்டியில் வந்தவர் ‘வெளியே’ என்று குறிப்பது தலைகீழ். ஊருக்குள் நின்று கேட்டால் அயலார் யார் என்பதற்கு வேறு விடை வரும்.

அதோடு ‘எக்ஸாட்டிக் டான்ஸ்’ என்ற கூட்டுச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் தனிப்பொருள் ஒன்று நிலைத்திருக்கிறது: இரவு விடுதிகளில் ஆடை களைந்து ஆடும் ஆட்டம். கம்பட்டராயர் விழாவில் கோத்தர்கள் ஆடும் வழிபாட்டு ஆட்டத்தின் படத்துக்குக் கீழே, அல்லது முத்தநாடு மந்து என்ற தோடர் ஊரில் மொற்பர்த் விழாவன்று தோடர்கள் வட்டமாக நின்று பாடி ஆடுவதன் கீழே, இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பது எவ்வளவு பெரிய இழிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும். படிக்கும் வெளிநாட்டுப் பயணிக்குத் தெரியும். தமிழாக்கும்போது ‘கவர்ச்சி நடனம்’ என்று போட்டுவிட்டால் தமிழிலும் அதே பள்ளத்தில் விழுவோம், ஏனெனில் திரையுலகில் அதற்கும் அதே பொருள்தான்.

இங்கே மாற்றுச் சொல் தேடாதீர்கள். அடைமொழியை எடுத்துவிட்டு, யார், எப்போது, எதற்காக ஆடுகிறார்கள் என்பதை எழுதுங்கள். கைவினைக்கும் இதே முறைதான். ‘எக்ஸாட்டிக் டிரைபல் எம்பிராய்டரி’ என்பதில் ஒரு தகவலும் இல்லை. ‘தோடர் பெண்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்யும் பூத்தையல். முன்வரைந்த படம் இல்லாமல் துணியின் இழைகளை எண்ணியே ஊசி போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது’ என்று எழுதினால், வாங்க நினைப்பவருக்கு விலையின் நியாயமும் விளங்கும். ஒருவரின் முகத்தோற்றத்தை ‘எக்ஸாட்டிக்’ என்று பாராட்டுவதையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்பவருக்கு அது பாராட்டாகத் தோன்றும். கேட்பவரின் காதில் ‘நீ இந்த ஊர் இல்லை’ என்றுதான் விழும்.

இந்தக் கையேட்டைத் தாண்டி வேறு எங்கே இந்தச் சொல் வந்தாலும், முதலில் அந்த இடத்தில் ‘வெளியிலிருந்து வந்த’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் அது அறிவியல் அல்லது சட்டப் பயன்பாடு. எந்த எல்லைக்கு வெளியே என்று கண்டுபிடித்து ‘அயல்’ அல்லது ‘அயல்நாட்டு’ என்று எழுதலாம். பொருந்தாவிட்டால் சொல்லையே நீக்கிப் படியுங்கள். வாக்கியம் எதையும் இழக்கவில்லை என்றால் நீக்கியது நீக்கியதாகவே இருக்கட்டும். பெரும்பாலான விளம்பர வாக்கியங்கள் இங்கேயே முடிந்துவிடும். ஏதோ குறைகிறது என்றால், அந்தக் குறை புதுமையா, அரிதா, அழகா என்று பார்த்து அதற்குரிய தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். ‘எக்ஸாட்டிக்ஸ்’ என்று பன்மையில் பெயர்ச்சொல்லாக வந்தால் தோட்டக்கலையிலும் வனத்துறையிலும் அயல் தாவரங்கள் என்றே பொருள், அங்கே யோசிக்க வேண்டியதில்லை.

‘விசித்திரம்’ என்பதை நான் எங்கும் போடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்பதற்கும் சில இடங்களில் ‘வியர்ட்’ என்பதற்கும் பக்கத்துச் சொல். எக்ஸாட்டிக்கின் ஈர்ப்பு அதில் இல்லை. ஈர்ப்போடு கூடிய புதுமைக்குப் பழந்தமிழில் ஒரு சொல் இருந்தது: விருந்து. முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்தவர், பிறகு அவருக்கு இட்ட உணவு. வெளியிலிருந்து வந்ததை வரவேற்கும் குரல் அதில் இருக்கிறது. இன்று அந்த முதற்பொருளில் அதை யாருக்கும் விளங்க வைக்க முடியாது. உங்கள் புதுவகைக் காய்கறிச் சமையல் பக்கத்துக்குத் தலைப்பாக ‘புது விருந்து’ என்று வைக்கலாம்.

தமிழோடு நிறுத்திவிடாமல் ஆங்கில மூலத்திலும் மூன்று திருத்தம் செய்யச் சொல்லுங்கள். குறிஞ்சிக்கு முன்னால் ‘எண்டமிக்’ என்று மாற்ற வேண்டும், மரப் பலகையில் ‘இன்வேஸிவ்’ என்பதைச் சேர்க்க வேண்டும், நடனப் பலகையில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு சமூகத்தின் பெயரையும் விழாவின் பெயரையும் எழுத வேண்டும். அதை அச்சுக்கு அனுப்புமுன், படத்தில் இருக்கும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டி, பெயர்கள் சரியா, அந்தப் படத்தை வெளியிடச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.